உயிருடன் உள்ளாரா?

ஆம் என்பதற்கு ஒரு வட்டம், இல்லை என்பதற்கு ஒரு வட்டம், இரண்டும் உளுந்தளவே இருக்கின்றன, இரண்டுக்கும் மேலே 'இந்த நபர் உயிருடன் உள்ளாரா?' என்று ஒரு வரி. நபர் என்ற சொல்லை என் மாணவி எவளாவது எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பியிருப்பேன், ஒருவரைப் பற்றிக் கேட்க வந்தால் அவர் என்று சொல்லக் கற்றுக்கொள் அம்மா, பிறகு கேள் என்றிருப்பேன், ஆனால் திருத்திக்கொண்டிருக்க இது கட்டுரை அன்று, என் அண்ணன். வாழவந்தான், முத்திருளப்பன் மகன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் நாகப்பட்டினத்தில் பினாங்குக்குக் கப்பலேறியவர், ஓராண்டு கடிதம் போட்டவர், வேலை பார்த்த கடையை விட்டு விலகுகிறேன், புது இடம் சேர்ந்ததும் விலாசம் எழுதுகிறேன் என்று எழுதியவர், எழுதாதவர். ஆம் என்ற வட்டத்தைத் தொட்டால் திரை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், இன்று மட்டும் எத்தனை முறை சொல்லிவிட்டது, 'உயிருடன் இருப்பவர்களின் தனியுரிமை காக்கப்படும், தேடலைத் தொடர இயலாது' என்று கதவைச் சாத்திவிடும். இல்லை என்பதைத் தொட்டால் தேடும். கப்பல் பயணிகள் பட்டியல், குடியேற்ற அலுவலகத்து அட்டைகள், பழைய செய்தித்தாள்கள், மருத்துவமனைப் பதிவுகள், உலகத்தில் எந்த மூலையில் எவர் புழுதி தட்டி மின்வடிவில் ஏற்றியிருந்தாலும் அத்தனைக்குள்ளும் புகுந்து தேடும். அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால்தான் தேடவே வந்தேன், தேடுவதற்கு முன்பே அதை நீ சொல் என்கிறது, இதை அமைத்தவருக்கு யாரும் காணாமல் போனதே இல்லை போலும். அவர் வீட்டில் எல்லோரும் ஒன்று இருந்தார்கள் அல்லது இறந்தார்கள், இரண்டுக்கும் நடுவே அறுபது ஆண்டு நிற்கிற ஒரு மனிதனை அவர் கற்பனைகூடச் செய்ததில்லை.

அடுத்த அறையில் அண்ணனின் மனைவி, என் மதினி, உறங்குகிறார். உறக்கம் என்பது ஒரு மரியாதைக்கு. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே விழுகிற பள்ளத்தை நான் இங்கே மேசையருகே அமர்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன், மின்விசிறி சுற்றுக்கொரு முறை டக்கென்று ஒரு சத்தம் போடுகிறது, அந்தச் சத்தம் மூச்சை மறைக்கிறது, விசிறியை நிறுத்தலாம், நிறுத்தினால் வியர்த்து எழுந்துவிடுவார், எழுந்தால் இங்கே வருவார், வந்தால் இந்தத் திரையைப் பார்ப்பார். இதோ, மூச்சு வந்துவிட்டது. இதயம் பெருத்துவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது, "பெரிய மனசும்பாகளே, அதுவா டாக்டரு?" என்று கேட்டார் மதினி, அந்தப் பெண் சிரித்துவிட்டாள், என்னைத் தனியே அழைத்துப் பேசியபோது சிரிக்கவில்லை, எவ்வளவு காலம் என்று நான் கேட்டதற்கு மேசை மீதிருந்த பேனாவை நேராக்கி வைத்தாள். ஆட்டோவில் திரும்பும்போது, தெற்குவாசல் நெரிசலில், யாரோ கோவிலுக்குப் போகிறவள் தலையில் கிடந்த மல்லிகையைப் பார்த்துக்கொண்டே மதினி கேட்டார். "சௌந்தரம், நான் போனா என்னை எப்படித் தூக்குவீங்க?" என்ன பேச்சு மதினி இது என்றேன். "பேச்சில்ல, கேள்வி. பூ வெச்சா, வெறும் நெத்தியோடயா? ரெண்டுல ஒண்ணைக் கேட்டுச் சொல்லிரு. தெரியாமப் போனா அங்கன போயி உங்க அண்ணனைத் தேடவா, இங்கன விட்டுட்டு வந்தோம்னு இருக்கவா? எனக்கு வளி தெரியாதில்ல." வளி. அறுபது ஆண்டாகத் திருத்தியும் திருந்தாத ளகரம். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். யாரிடம் கேட்டுச் சொல்ல என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால், உனக்குத் தெரியாததா, நீதான் படிச்சவ என்றிருப்பார். 

எனக்குத் தெரியும் என்ன நடக்கும் என்று. நடுவீட்டில் கிடத்தியிருப்பார்கள், தலைமாட்டில் ஒருத்தி பூச்சரத்தோடு நிற்பாள், சுமங்கலி, கூறைச்சேலை எங்கே என்பாள், இன்னொருத்தி ஈரத்துணியோடு நிற்பாள், அவன் போய்ச் சேர்ந்து எத்தனை வருசமாச்சோ, எவன் பாவத்தை நாம் சுமக்க என்று அந்த நெற்றியைத் துடைக்கக் குனிவாள், பிணத்தின் மீது வாதம் நடக்கும், அந்த வாதத்தைத் தீர்க்க அங்கே என்னிடம் ஒரு சொல் இருக்காது. ஆடிப்பெருக்குத் தவறாமல் மஞ்சள் கயிறு மாற்றிய கழுத்து அது. என் தாயார் இருந்தவரை அவர் மாற்றிவிட்டார், அவர் போன பிறகு மதினியே சாமிப் படத்துக்கு முன்னால் அமர்ந்து தானே மாற்றிக்கொள்வார், பழைய கயிற்றைச் செடியில் போட்டுவிட்டு எழுந்து வந்து, என்ன, காப்பி போடவா என்பார். உயிருடன் இருந்தால் என் அண்ணன் ஒரு துரோகி, மதினிக்குப் பூ உண்டு. இறந்துபோயிருந்தால் அவர் என் அண்ணன், மதினிக்குப் பூ இல்லை. இந்த இரண்டில் எதை நான் வேண்டுவது, எந்தக் கோவிலில் போய் எதைக் கேட்பது, உளுந்தளவு வட்டம், விரல் தானாகப் பட்டுவிடுமோ என்று கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

குடும்ப வரலாற்றுத் தேடலுக்குப் புதிய இணைய வசதிகள் என்று ஓர் உரை, பல்கலைக்கழக நூலகத்தார் இணையவழி நடத்தினார்கள், காதில் கருவி மாட்டிய ஓர் இளம்பெண் மிக மலர்ச்சியாக, உங்கள் வேர்களைக் கண்டடையுங்கள் என்றாள், வேர் என்ன காணாமலா போகும், அது மண்ணுக்குள் இருந்த இடத்தில்தான் இருக்கும், போனது கிளை என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது, ஆனால் ஒலியை அடைத்து வைத்திருந்தார்கள். அன்றுதான் ஆரம்பித்தேன். முதலில் மரம் வரையச் சொன்னது. குடும்பப் பெயர் கட்டாயம் என்றது, எங்களுக்கு ஏது குடும்பப் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான், அதைச் சொன்னால் ஏற்கவில்லை, கட்டத்தை வெறுமையாக விட்டாலும் ஏற்கவில்லை, கடைசியில் ஒரு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது. அன்று முதல் நாங்கள் எல்லோரும் புள்ளிக் குடும்பத்தார், புள்ளி குடும்பத்தின் மரத்தில் இந்த வாரம் புதிய குறிப்புகள் ஏதுமில்லை என்று வாரந்தோறும் மின்னஞ்சல் வருகிறது. கல்லறைகளைப் படம் பிடித்துத் தொகுத்திருக்கிற ஒரு தளத்தில் பினாங்குக் கல்லறைகளை எல்லாம் பார்த்து முடித்தேன், பாசி பிடித்த கற்கள், சிலுவைகள், பிறைகள், பார்த்து முடித்த பிறகுதான் உறைத்தது, எங்களவரை எரித்துவிடுவார்களே, எரித்தவனுக்கு ஏது கல், இத்தனை கற்றும் இது முதல் நாளே ஏன் எனக்குத் தோன்றவில்லை. செய்தித்தாள் தொகுப்பில் ஆங்கில எழுத்தில் அண்ணன் பெயரை வலவந்தன் என்று தட்டினேன், வளவந்தான், வரவந்தன், வழவாந்தன், பலவந்தன், எந்த எழுத்தர் எந்தக் காதால் கேட்டு எந்தக் கையால் எழுதினாரோ, ஒவ்வொன்றாகத் தட்டினேன், பலவந்தன் என்று ஒருவர் ரப்பர் தோட்டத்தில் பாம்பு அடித்ததற்காகப் பாராட்டப்பட்டிருக்கிறார், அவர் வேறு யாரோ. எச்சிலைக் குழாயில் உமிழ்ந்து அனுப்பினால் இரத்த உறவுகளைக் கண்டுபிடித்துத் தருகிறார்களாம். அதற்கு மட்டும் துணியவில்லை. பினாங்கிலோ ஈப்போவிலோ ஒரு பெண் என் மூக்கோடு, என் அண்ணனின் மேலேறிய புருவத்தோடு, அத்தை என்று எழுதிவிட்டால்? அவளுக்கு ஒரு தாய் இருந்திருப்பாளே. அந்தத் தாய்க்கு யார் கயிறு மாற்றினார்கள்?

இன்று காலையில் இல்லை என்ற வட்டத்தை ஒருமுறை தொட்டேன். பெயர் சொல்லாமல், மரத்தில் இருக்கிற அவருடைய கட்டத்தில், என்ன ஆகிறதென்று பார்க்கத்தான். பச்சையாக இருந்த கட்டம் சாம்பல் நிறமாயிற்று. அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் மதினி ஒரு தும்மல் தும்மினார், நான் ஐயோ என்று ஆம் என்பதைத் தொட்டுக் கட்டத்தைப் பச்சையாக்கினேன், மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவள், தும்மலுக்கு அஞ்சி மதினிக்குக் கணவனை உயிர்ப்பித்துக் கொடுத்தேன். சிரிக்கலாம். சிரிப்பு வரவில்லை. தொடாமலே விட்டால் அது என்ன செய்யும் என்பதையும் உதவிப் பக்கத்தில் படித்துவிட்டேன், பிறந்து நூற்றுப்பத்து ஆண்டு கடந்தவரை அமைப்பு தானாகவே காலமானவராகக் கருதும். பொறுமையான அமைப்பு. அதுவரை மதினி இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன், ஒருநாள் விடியற்காலையில் யாரும் பார்க்காதபோது அந்தக் கட்டம் தானாகச் சாம்பலாகும், அழ ஆளிருக்காது. 

மூச்சு. எங்கே மூச்சு. டக். வந்துவிட்டது. புரண்டு படுக்கிறார், கட்டில் முனகுகிறது. இன்னும் சற்று உறங்குங்கள் மதினி, இன்னும் சற்று, காப்பி நேரம் ஆகவில்லை. 

வாழவந்தான். அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை, இவனாவது வாழட்டும் என்று வைத்த பெயர். அந்தப் பெயரை மதினி சொன்னதில்லை. புருசன் பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று அஞ்சி எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் அதைச் சொல்லாத காலம்தான் அது, ஆனால் மதினி பெயரோடு நிற்கவில்லை, பெயர் ஒட்டியிருந்த சொற்களையெல்லாம் வாயிலிருந்து விலக்கிவிட்டார். வாழைக்காய் அவருக்கு நீளக்காய். வாழைப்பழம் வெறும் பளம், வாழைத்தண்டு வெறும் தண்டு, பந்தியில் போடுவது இலை. கல்யாண வீட்டில் எல்லோரும் வாழ்க வாழ்க என்று அட்சதை போடும்போது இவர் மட்டும் நல்லாருங்க என்பார், வாழ்க்கை என்று சொல்ல வேண்டிய இடத்தில் பொளப்பு என்பார், வாழைத்தோப்புத் தெருவைத் தோப்புத் தெரு என்று சொல்லித் தபால்காரரோடு சண்டை. காய்காரர் மாயாண்டி வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, "ஆச்சி, நீளக்காய் பிஞ்சா வந்திருக்கு, எடுத்துக்கிறீகளா?" என்று இவர் பாஷையிலேயே கூவுவார். நானும் அம்மாவும் சிரித்திருக்கிறோம். ஒரு மொழியில் ஒரு வினைச்சொல்லை அடியோடு விட்டுவிட்டு ஒருவர் அறுபது ஆண்டு பேசியிருக்கிறார், அதுவும் எந்த வினை, வாழ்தல், அதை விட்டுவிட்டுப் பேச முடியும் என்று என்னிடம் எந்த ஆய்வாளர் சொல்லியிருந்தாலும் சான்று கேட்டிருப்பேன். சான்று பக்கத்து அறையில் படுத்திருந்தது. ழகரம் எப்படியும் அவருக்கு வராது. மளை, கோளி, கெளவி, பளம். மழை மதினி, நாக்கு நுனியை உள்ளே வளைத்து மேலண்ணத்தை நெருங்குங்கள், தொடாதீர்கள், தொட்டால் ள, நெருங்கி நின்றால் ழ என்று எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பேன், "போடி, மளையின்னாலும் நனையத்தான் செய்யும்" என்று போய்விடுவார்.

இப்போது எனக்கே வரவில்லை. இதை யாரிடம் சொல்வது. இந்தப் பக்கம் இந்த மாதம்தான் வந்த புது வசதி, பெயரை எழுதக் கேட்பதில்லை, சொல்லக் கேட்கிறது. அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள் ஆகையால் நீங்கள் பெயரை உச்சரியுங்கள், அந்த ஒலியை எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடுமோ அத்தனை வடிவத்திலும் நாங்கள் தேடுகிறோம் என்கிறது, தட்டச்சு தோற்ற இடத்தில் இதுதான் மிச்சம். முதலில் பெயர், அது பிழையாக விழுந்தாலும் அடுத்து அந்தக் கேள்வி, உயிருடன் உள்ளாரா. ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு வாழவந்தான் என்கிறேன். திரை வாலவந்தான் என்று எழுதுகிறது. மேல் பல்வரிசைக்குப் புதிதாகச் செட் கட்டியிருக்கிறார்கள், அண்ணம் முழுவதும் தகடு, நாக்கு வளைந்து மேலே போனால் நெருங்கி நிற்க இடமில்லை, இடித்துவிடுகிறது. வாளவந்தான். மறுபடியும். வாரம் வந்தான். செட்டைக் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டுச் சொன்னால் ழ வருகிறது, முன்பல் போனதால் வந்தான் போய்விடுகிறது, வாழ நிற்கிறது, வந்தான் நிற்கவில்லை. தமிழ் ஒலியியலை ஒரு தலைமுறைக்குக் கற்பித்த வாய். மெல்லச் சொல்கிறேன், பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாது, மெல்லச் சொல்வதனால்தான் கேட்கவில்லையோ என்று சற்று உரக்கச் சொல்கிறேன், பாலவந்தான் என்கிறது, சரி, ஏதோ ஒரு பெயர் என்று விட்டால் ஏதோ ஒருவரைத் தேடும், என் அண்ணனுக்குப் பதில் எவனோ ஒரு பாலவந்தான் செத்துக் கிடப்பான், அவனுக்காக நான் மதினியின் நெற்றியைத் துடைப்பேன். வாழவந்தான். வாழவந்தான். அண்ணா, ஒருமுறை இந்தக் கருவிக்குப் புரிகிற மாதிரி வா. நீ இருந்தால் எண்பத்தேழு வயது. உனக்கும் பல் போயிருக்கும். உன் பெயரை உன்னாலும் இப்போது சொல்ல முடியாது. 

"யாரைடி கூப்பிடுற?" 

வாசலில் நிற்கிறார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி, ஒரு கை நிலையைப் பிடித்தபடி, தூங்கி எழுந்த முகத்தில் பொட்டு சற்றுக் கலைந்திருக்கிறது, எப்போது எழுந்தார், மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் எப்படி விட்டேன், என் குரலே அவர் மூச்சை மறைத்துவிட்டது. யாரையும் இல்லை மதினி என்றேன். "யாருமில்லாததையா அத்தனை வாட்டி கூப்பிட்டே?" மெல்ல வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்தார், அமர்ந்த பிறகு பேச மூச்சு சேர வேண்டியிருந்தது, காத்திருந்தேன், மேசையிலிருந்த தம்ளரைப் பார்த்தார். "பல்லைக் களத்தி வெச்சிட்டு ஓதுறியா. ஊருக்கெல்லாம் அந்த எளுத்தைச் சொல்லிக்குடுத்த வாயி, இப்பக் கட்டுன பல்லு என் கட்சிக்கு வந்துருச்சு பாத்தியா?" அவர் சிரித்தார், நானும் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு சிரித்தேன், சிரிப்பு அடங்கியதும் அவர் டேப்லெட்டைச் சுட்டினார். "உங்க அண்ணனைத்தான தேடுற." நான் தலையசைத்தேன். "என்னங்குது?" 

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டவருக்குப் பாதி விடை சொல்வது என் வழக்கமன்று, அதுவும் ஆட்டோவில் அவர் கேட்ட கேள்வி இன்னும் கடனாக நின்றது. பேரைச் சொல்லணும் மதினி, எனக்கு வரல, வந்தாலும் அடுத்ததா, உயிரோட இருக்காரான்னு கேக்குது என்றேன். "ஆமான்னு சொல்லேன்." ஆமான்னா தேடாது. "ஏன்?" உயிரோட இருக்கிறவங்களைத் தேடிக்குடுக்கக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க, அவங்க விருப்பம் இல்லாம. "அதுவுஞ் சரிதான். வர விருப்பமில்லாதவுகளை இளுத்துட்டு வந்து என்ன செய்ய." பிறகு, "இல்லைன்னு சொன்னா?" தேடும். "நீ எதைச் சொன்னே?" எதையும் சொல்லல மதினி. "சொல்ல மாட்டே. நீ எப்பிடிச் சொல்லுவே, உனக்கு அண்ணனாச்சே." வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். மதினி மஞ்சள் கயிற்றை இழுத்து நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். எனக்கு எழுந்து அந்தக் கருவியை அணைத்துவிட வேண்டும் போலிருந்தது, காப்பி போடுகிறேன் மதினி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. "அதை இங்கிட்டு நகத்து" என்றார். நகர்த்தினேன். "எதுல பேசணும்?" தொட்டுக் காட்டினேன். ஒலிவாங்கி சிவப்பாயிற்று. சின்னப்பிள்ளை கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து, இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மதினி சொன்னார். 

"வாழவந்தான்." 

நாக்கு வளைந்தது, அண்ணத்தை நெருங்கியது, தொடவில்லை. இம்மி பிசகாத ழகரம். என் வகுப்பில் நான் கேட்கக் காத்திருந்து எந்த மாணவியிடமும் முழுமையாகக் கேட்காத ஒலி, மளை என்றும் கோளி என்றும் சொல்கிற வாயிலிருந்து, புழங்காத பாத்திரம்போலப் பளபளவென்று வந்தது. திரை மறுபேச்சின்றி எழுதியது. வாழவந்தான். எப்படி மதினி என்றேன். "அவுகதான் சொல்லிக்குடுத்தாக" என்றார், திரையையே பார்த்தபடி. "கப்பலுக்குப் போறதுக்கு முன்னால. நெசமா வர்ற வரைக்கும் விடலை." ஒரே ஒரு சொல்லுக்காக ஓர் எழுத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்ற எல்லாச் சொல்லிலும் பிழையோடு பேசியவரை நான் அறுபது ஆண்டு திருத்தியிருக்கிறேன்.

வரி வந்துவிட்டது. இந்த நபர் உயிருடன் உள்ளாரா? ஆம். இல்லை. என் விரல் மேலே நின்றது, நெருங்கி, தொடாமல். மதினி என்னைப் பார்த்தார். "என்னடி, இன்னும் என்ன கேக்குது அது?" கேக்குது மதினி, இருக்காரா இல்லையான்னு. "நாந்தான் பேரைச் சொல்லிட்டேனே" என்றார். 

தொட்டேன். 

ஒரு சிறு வளையம் சுற்றத் தொடங்கியது. சுற்றட்டும். எத்தனை துறைமுகம், எத்தனை எழுத்தர், எத்தனை பிழையான காது, அத்தனையிலும் இப்போது மதினியின் ழகரம் கதவு தட்டிக்கொண்டு போகிறது, என்னால் அந்த வளையத்தைப் பார்க்க முடியவில்லை, அவர் கையைப் பார்த்தேன், மேசை விளிம்பை விட்டுவிட்டு மடியில் கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. வளையம் நின்றது. 'பொருந்தும் பதிவுகள் எவையும் இல்லை.' படித்தேன். உரக்கப் படித்தேனா, தெரியவில்லை, மதினிக்குக் கேட்டுவிட்டது. எங்கும் இல்லை. பெயரைச் சொல்லி, வட்டத்தைத் தொட்டு, அத்தனையும் கொடுத்து முடித்த பிறகு அது எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது இது, கப்பலேறினார் என்றுகூட இல்லை, இறங்கினார் என்றுகூட இல்லை. ஆம் என்று மாற்றிவிடலாம், இன்னும் முடியும், காலையில் மாற்றினேன், ஒரு தொடுகை, கட்டம் பச்சையாகிவிடும், ஆனால் சொன்ன பெயரை எந்த வட்டம் திரும்ப வாய்க்குள் போடும். அதன் கீழே இன்னொரு வரி. 'இவரைப் பற்றி அறிந்தவர் நீங்கள் எனில், முதல் பதிவை நீங்களே சேர்க்கலாம். மறைந்த நாள்:' அதையடுத்து ஒரு வெற்றுக் கட்டம், அதில் ஒரு கோடு தோன்றி மறைந்து தோன்றிக்கொண்டிருந்தது. 

"அங்கன என்ன கேக்குது?" 

எப்ப இறந்தார்னு கேக்குது மதினி. தெரியாதுன்னு விட்டுரலாம். 

"ஏன் தெரியாது" என்றார். "இன்னைக்குன்னு போடு." 

நான் போட்டேன். நாள், மாதம், ஆண்டு, ஒவ்வோர் எண்ணாக, பிழையில்லாமல். கட்டம் சாம்பலாயிற்று. இம்முறை யாரும் தும்மவில்லை. மதினி நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார், நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார், கலைந்த பொட்டைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பூ வேணாம், சௌந்தரம். யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு. இது மட்டும் இருக்கட்டும், பளகிப்போச்சு, இல்லாட்டி கண்ணாடியில யாரோன்னு இருக்கும்." சுவரைப் பிடித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனார். பாத்திரம் ஒன்று நகரும் சத்தம். குழாய். பிறகு மூச்சு வாங்கும் சத்தம், பள்ளம், நான் எண்ணத் தொடங்கியிருந்தேன், அதற்குள் அவர் குரல் வந்தது. 

"ஏ சௌந்தரம், கூடையில ஒரு வாழைக்காய் கெடக்கு. பளுக்கறதுக்குள்ள நறுக்கிருவமா?"